மழை நாளில் மாத்திரை இல்லை

மலாய் நாட்டில், லூனாஸ் என்ற ஊரில் வந்து இறங்கியதும், "நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன்" என்று யாருக்காவது செய்தி அனுப்பலாமென்று கைபேசியை எடுத்தேன். எடுத்த பிறகுதான் யோசித்தேன், யாருக்கு அனுப்ப? வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கடைசியில், சாத்தூரில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவருக்கு அனுப்பினேன். "சரிங்கம்மா, அப்ப அடுத்த வாரம் வரைக்கும் பால் வேண்டாம்ல?" என்று உடனே பதில் வந்தது. அவராவது கேட்டாரே என்று கைபேசியை மூடி வைத்தேன்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். வேலையில் இருந்த காலம் முழுக்கக் குடும்பக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு என்று தொண்டை வறளக் கத்தினவள். சிவப்பு முக்கோணத்தைச் சுவர் சுவராக எழுதிவைப்போம். மறுவாரம் போய்ப் பார்த்தால் அதன் மேலேயே வறட்டி தட்டியிருப்பார்கள். எனக்குப் பிள்ளை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். "உனக்கென்னம்மா, கடவுளே கட்டுப்பாடு பண்ணிட்டான்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். வேறென்ன செய்ய?

லூனாஸில் ஒரு பெண்கள் குழு இருக்கிறது. ரப்பர் தோட்டங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு எப்படி வந்தது என்பதை, அனுபவித்த பெண்களின் குரலிலேயே பதிவுசெய்து வைக்க நினைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களோ வாயைத் திறக்கவில்லை. குழுவில் இருப்பவர்கள் உள்ளூர்ப் பெண்கள்; இடுப்பில் தூக்கி வளர்த்த அந்தப் பிள்ளைகளிடம் போய் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று வெட்கம். வெளியூர்க்காரி, அதுவும் நர்ஸ் என்றால் சொல்வார்கள் என்று யாரோ யோசனை சொல்ல, என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை விமலா என்பவர் காரில் வந்து கூட்டிப்போவார், கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வர நேரமாகும், அறையிலேயே இருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். என் குணத்துக்கு அறையில் உட்கார முடியுமா? விடிந்ததும் ரோட்டுக்கு வந்தேன். பஸ் ஒன்று வந்தது, கையைக் காட்டினேன், நின்றது. உள்ளே வரிசை வரிசையாகப் பெண்கள், எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, எல்லாருக்கும் தூக்கம். நேபாள முகங்கள், இந்தோனேசிய முகங்கள். டிக்கெட் கொடுக்க யாரும் வரவில்லை. நம்ம ஊர் மாதிரியே இங்கேயும் பொம்பளைகளுக்கு இலவசம் போலிருக்கிறது என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன்.

பஸ் நேராகப் போய்த் தொழிற்சாலை வாசலில் நின்றது. அது கம்பெனி பஸ். காவல்காரர் அட்டை எங்கே என்று மலாயில் கேட்டார். நான் கடவுச்சீட்டைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைத் துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்தவள் என்று நினைத்து ஒரு துடைப்பக் கட்டையைக் கையில் கொடுக்காத குறை. அந்த நேரத்தில் ஷிப்ட் முடிந்து வெளியே வந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீங்கதானே சாத்தூர் மிஸ்ஸி? உங்களத் தேடி நான் லூனாஸுக்குப் போகணும்னு ஓடி வர்றேன், நீங்க என்னைத் தேடி இங்கேயே வந்துட்டீங்க லா!"

இங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வார்கள். கூப்பிட்டவள்தான் விமலா. ஐம்பதைத் தொட்ட வயது, ஒட்ட வெட்டிய தலைமுடி, தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்கு மேற்பார்வையாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; லூனாஸில் தனியாக ஒரு சின்ன வீடு. காவல்காரரிடம் மலாயில் என்னவோ சொன்னாள், அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன சொன்ன?" என்றேன். "எங்க அக்கா, வேலை கேட்டு வந்திருக்காங்கன்னேன்" என்றாள்.

சாப்பிடக் கூட்டிப்போனாள். கடைக்காரர் தமிழ் முஸ்லிம். ரொட்டி சானாய் என்று தட்டில் வைத்தார். நம் பரோட்டாவின் தங்கச்சி, கொஞ்சம் மெலிசு, தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. தேநீரை ஆற்றி நுரையோடு தந்தார். வாயில் வைத்தால் பாயசம். "எங்க வாப்பா ராமநாதபுரத்துப் பக்கந்தாம்மா" என்றார் கடைக்காரர். சட்டென்று சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி மனசு பொங்கியது. இன்னும் நாலு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வியாபார நேரம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"வீட்டுல என் பேரு விமலா இல்லக்கா, மழை" என்றாள், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "எதுக்குன்னு நாளைக்குச் சொல்லுவாங்க. நல்லா சிரிக்கலாம்."

மூன்றாம் நாள், பழைய தோட்டம் ஒன்றின் கோயில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டியிருந்தார்கள். ரப்பர் மரம் பேருக்குக்கூட இல்லை. கண்ணுக்கெட்டியவரை செம்பனை, அதுதான் பாமாயில் மரம். தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் தனியாக நின்றது. வெட்கம் போகட்டும் என்று நான் எங்கள் ஊர் வறட்டிக் கதையைச் சொன்னேன். உடனே அஞ்சலை என்பவர் இடுப்பில் கைவைத்து எழுந்தார். எழுபதைத் தாண்டியும் வெண்கலக் குரல்.

"நாங்க மட்டும் என்ன ஒழுங்கா? இங்க டவுன்லதான் மொத ஆரம்பிச்சாங்க. அப்புறம் கம்பத்து மலாய்க்காரங்களுக்கு மருத்துவச்சி மூலமா போச்சு. தோட்டத்துக்கு டிரசர் கொண்டுவந்தாரு."

கம்பம் என்றால் இங்கே கிராமம்; டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிற மருத்துவ உதவியாளர். மாத்திரை அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், ஒருத்தி மறந்துவிடுகிறாள், ஒருத்தியின் புருஷன் பிடுங்கிக் குப்பையில் போடுகிறான். மனுஷர் பார்த்தார். விடிவதற்கு முன்னால் தொழிலாளிகளை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற வழக்கம் உண்டு. அதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்கு எல்லாரும் வந்துதானே ஆக வேண்டும்? அட்டைகளைத் தானே வைத்துக்கொண்டு, பேர் கூப்பிடக் கூப்பிட ஆளுக்கொரு மாத்திரையைக் கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, எதிரே நின்று முழுங்கச் சொல்வாராம். லீவு நாளுக்கு உரியதை முதல் நாளே பொட்டலமாகக் கொடுத்துவிடுவாராம்.

"பிரமாதமான ஏற்பாடாச்சே!" என்றேன். நிஜமாகவே எனக்குப் பொறாமையாக இருந்தது.

"ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான் மிஸ்ஸி. மழைதான் கெடுத்துச்சு."

மழை பெய்தால் மரம் சீவ முடியாது. கோப்பையில் பாலுக்குப் பதில் தண்ணீர்தான் நிற்கும். வேலை இல்லையென்றால் பெரட்டு இல்லை. பெரட்டு இல்லையென்றால் மாத்திரை இல்லை. லீவு நாள் சொல்லிக்கொண்டு வரும், மழை சொல்லிக்கொண்டா வரும்? மாத்திரையைப் பால் வாளி மாதிரி, சீவுகிற கத்தி மாதிரி வேலையோடு சேர்ந்த சாமானாகத்தான் நினைத்திருக்கிறார்கள். வேலையில்லாத நாளில் அதை யார் தேடுவார்? ஆண்களும் அன்றைக்கு வீட்டில்தான். "குளுருல வேற என்னதான் பண்ணுவாங்க?" என்று அஞ்சலை கேட்க, மண்டபமே குலுங்கியது. புரட்டாசி ஐப்பசி அடைமழைக்குப் பலன் ஆனி ஆடியில் தெரியுமாம். லயம் முழுக்க வரிசையாகத் தொட்டில் தொங்குமாம்.

"இதக் கண்டுபிடிக்க டிரசருக்கு ரொம்ப நாளாச்சு. அப்புறம் மழைக்காலத்துக்கு மட்டும் அட்டையோட குடுத்தாரு. அதுக்குள்ள கவர்மெண்டு மனசு மாறிப்போச்சு. நாட்டுல ஜனம் பத்தாது, பெத்துக்குங்கன்னாங்க. நாங்க அப்பத்தான் பழகியிருந்தோம்! இப்பப் பாருங்க, தமிழ்ப்பள்ளியில வகுப்புக்கு விரல் விட்டு எண்ணலாம் புள்ளைங்கள."

எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். பேச்சு சோகமாகப் போகிறதே என்று அஞ்சலை ஓரத்தில் நின்ற விமலாவைக் கையால் காட்டினார். "இந்தா நிக்கிறா பாருங்க, எங்க மழைப்புள்ள! லெட்சுமிக்கு மூணு பையனோட போதும்னு மாத்திரை குடுத்தா, மழையில நனைஞ்சிக்கிட்டு வந்து பொறந்தவ!" மறுபடியும் சிரிப்பு. விமலாவும் சிரித்தாள். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தாள். நான் அதைக் கவனித்தேன்.

திரும்பும்போது விமலாதான் காரை ஓட்டினாள். நடுவழியில் ஆற்றாமை தாங்காமல் அவளே ஆரம்பித்தாள்.

"அம்மா என்னை ஒருநாளும் அடிச்சதில்லக்கா. சோறு குறைச்சதில்ல. ஆனா தோட்டமே என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, அவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க. அதான் எனக்கு இன்னும் ஆறல."

அம்மா லெட்சுமி இப்போது பாக்கார் ஆராங்கில் மூத்த மகன் பாலன் வீட்டில் இருக்கிறார். பாலன் குடும்பத்தோடு ஜொகூருக்கு, தன் மகனிடம் போகப்போகிறார். கிழவி அங்கே வரமாட்டேன் என்கிறார். மற்ற இரண்டு மகன்களும் கைவிரித்துவிட்டார்கள். ஒன்று விமலா வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முதியோர் இல்லம். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொல்லி பாலன் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"மூணு ஆம்பளப் புள்ளைங்க வேணும்னு பெத்தது. வேணாத புள்ளதான் கடைசியில வேணுமா? முடியாதுன்னுட்டேன்" என்றாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "பொறந்ததுகூட தீபாவளிக்கு மறுநாள்க்கா. என் பொறந்தநாளுக்கு எப்பவும் நேத்து சுட்ட முறுக்குதான்" என்று சிரித்தாள்.

மாதத்தைக் கேட்டால் விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணுவது என் தொழில் புத்தி. காரில் உட்கார்ந்தபடியே என் கட்டைவிரல் கணுக்கணுவாக நகர்ந்தது. என்னவோ இடித்தது. ஊர்க்கதையில் தலையிடாதே என்று கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் பாக்கார் ஆராங். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், வாசலுக்கு வாசல் கார். விமலா உள்ளே வரவில்லை. "நான் காடியிலயே இருக்கேன்" என்று கார் இருக்கையைச் சாய்த்துக்கொண்டாள். பாலன் என்னை வரவேற்று, "அக்கா, நீங்களாவது அவகிட்ட எடுத்துச் சொல்லுங்க. அம்மாவ ஹோம்ல விட எனக்கு மனசே வரல" என்று கைகூப்பினார். பாவமாகத்தான் இருந்தது. அவர் கடைக்குப் போன பிறகு நானும் லெட்சுமியும் மட்டும் மிஞ்சினோம். சின்ன உடம்பு, காதில் பெரிய தோடு. கண் மட்டும் ஜன்னல் வழியே காரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டாளா அவ?"

"சாப்பிட்டாம்மா" என்றேன். பதிவுக் கருவியை மேசையில் வைத்தேன். அந்தக் காலத்துக் கதையைச் சொன்னார், அஞ்சலை சொன்னதேதான். மழை, பெரட்டு, மாத்திரை. எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, மழைப்பிள்ளைங்க எல்லாம் ஆனி ஆடியில பொறந்ததுங்கன்னு சொன்னாங்க. உங்க மக தீபாவளிக்கு மறுநாள் பொறந்திருக்கா. அப்படின்னா தைப்பூசத்தை ஒட்டில்ல தங்கியிருக்கணும்? அப்ப இங்கே மழை பெய்யுமா?"

கிழவி என்னையே பார்த்தார். பிறகு, "அத நிறுத்துங்க மிஸ்ஸி" என்று கருவியைக் காட்டினார். நிறுத்தினேன்.

"தைப்பூசத்துக்கு எங்கம்மா மழை? காவடி எடுக்கிறவன் காலு ரோட்டுல வெந்துபோவும். இத்தன வருஷம் யாருமே இதக் கேக்கல. சிரிக்கறதுலயே இருந்துட்டாங்க."

சொன்னார். மூன்று பையன்கள் போதும் என்று வீட்டுக்காரர் முடிவு பண்ணிவிட்டார். டிரசரும் சரி என்றார். இவரை யாரும் கேட்கவில்லை. இவருக்கோ ஒரு பெண் பிள்ளை வேண்டும். பொங்கல் முடிந்து பெரட்டுக்குப் போன முதல் நாளே, மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்துவிட்டார். தான் பால் சீவுகிற மர வரிசைக்குப் போய், முதல் மரத்தடியில் துப்பி மண்ணைத் தள்ளி மூடினார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நாள் தள்ளிப்போன பிறகும் விடவில்லை, பிள்ளைக்கு ஆகாது என்று.

"வயிறு தெரிஞ்சப்போ அவரு கைய ஓங்கிட்டாரு. மழையில தவறிப்போச்சுன்னேன். ஆம்பளைக்கு மாசக் கணக்கு தெரியுமா? நம்பிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலன்னா கண்டுபிடிச்சிருவாங்களேன்னு நானும் சிரிச்சேன்."

அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். "அவகிட்ட சொல்லலாமேம்மா! வீட்டுக்காரர்தான் போயாச்சே!"

"சொல்லலாம். ஏம்மா இத்தன நாளா சொல்லலன்னு கேப்பாளே, அதுக்கு எங்கிட்ட பதில் இல்லியே." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போயிடுவீங்கல்ல, அதான் உங்ககிட்ட சொன்னேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். நீங்க போயிடுவீங்கல்ல! என் வாழ்க்கை முழுக்கப் பெண்கள் என்னிடம் சொன்னதெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான். புருஷனிடம் சொல்லாதது, தாயிடம் சொல்லாதது எல்லாம் என்னிடம் வரும். கொட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மறுபடி வழியில் பார்த்தால் தெரியாதவர்கள் மாதிரிப் போவார்கள். என் வயிற்றுக்குள் ஒரு ஊரே கிடக்கிறது, ஒன்றைக்கூட நான் வெளியே விட்டதில்லை.

காருக்குத் திரும்பினேன். "கெழவி என்ன சொன்னாங்க?" என்றாள் விமலா. "பழைய கதைதான்" என்றேன்.

ஐந்தாம் நாள் மழை. எங்கும் போக முடியவில்லை. அறைக்குக் கீழே கடையில் நாசி லெமாக் வாங்கிவந்து ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, காரச் சம்பல். வாய் எரிந்தது, மூக்கைச் சிந்தினேன், பிறகு காரம் போன பின்னாலும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு ஒரு பிள்ளை தங்காதா என்று எத்தனை கோயில் ஏறியிருப்பேன். ஒருத்தி அந்த மாதிரி ஒரு பிள்ளைக்காகத் தினமும் திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறாள், அந்தப் பிள்ளைக்கே அது தெரியாது. தெரியாமலேயே அம்மாவை இல்லத்தில் விட்டுவிடப் போகிறாள். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், ஆனால் இது நியாயமா? கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தேன். கீழே கடையில் யாரோ வானொலிக்கு ஒத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். பேச ஒரு ஆள் இருந்தால் கேட்டிருப்பேன்.

கிளம்பும் நாள். பட்டர்வொர்த்துக்குக் காரிலேயே கொண்டுவிடுவதாகச் சொல்லி விமலா வந்தாள். வழிக்கு என்று கறி பஃப் பொட்டலம் வாங்கி மடியில் வைத்தாள். கார் கிளம்பியது. அவள் தொழிற்சாலையைப் பற்றி, புதிதாக வந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "நேத்து அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்க்கா. ஹோம்லயே சேர்த்துடுங்க, மாசாமாசம் என் பங்கக் குடுத்துடறேன்னு."

"விமலா, நீ மழையில பொறந்தவ இல்லம்மா" என்றேன்.

இதற்கு முன் எந்த வாக்கையும் நான் மீறியதில்லை. மீறுவது இவ்வளவு சுலபம் என்பது தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன்: தைப்பூசம், நாக்குக்கு அடியில் ஒதுக்கியது, முதல் மரத்தடி, கையை ஓங்கிய அப்பா, கண்டுபிடித்துவிடுவார்களே என்று சிரித்த சிரிப்பு. சொல்லச் சொல்ல வண்டியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஒரு பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் ஓரம் கட்டி நிறுத்தினாள்.

"எத்தன நாளு?" என்றாள்.

"என்னது?"

"எத்தன நாளு துப்புனாங்க?"

"ஒரு நாள் இல்லடி. பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து நீ தங்குற வரைக்கும். தங்கின பிறகும். தினமும் காலையில."

"தினமுமா?"

"தினமும்."

ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. தொடலாமா என்று கையை நீட்டினேன். சடாரென்று நிமிர்ந்தாள், முகமெல்லாம் கோபம்.

"அம்பது வருஷம்க்கா! ஊருக்கே கோமாளியா நின்னேன். நேத்து வந்த உங்ககிட்ட சொல்ல முடிஞ்சுது, எங்கிட்ட சொல்ல முடியலையா அவங்களுக்கு?"

"நான் போயிடுவேன்ல, அதான்."

மூக்கை உறிஞ்சினாள். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தாள். பிறகு இறங்கிப் போய் என் பெட்டியை எடுத்து நிறுத்தத்தில் வைத்தாள். "எறங்குங்கக்கா. பட்டர்வொர்த் பஸ் இங்கேயே நிக்கும். இந்தத் தடவ கம்பெனி பஸ்ஸான்னு பாத்துக்கிட்டு ஏறுங்க." வாயில் வந்ததைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. போய் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை. கார் அடுத்த திருப்பத்தில் வளைந்து, வந்த வழியே, பாக்கார் ஆராங் பக்கமாகப் பறந்தது.

அங்கே போய் என்ன கேட்பாள், கிழவி என்ன சொல்வார், கட்டிக்கொள்வார்களா, சண்டை போடுவார்களா, எனக்குத் தெரியாது. லெட்சுமி என்னைச் சபிக்கட்டும். அதற்காவது இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பார்கள்.

பெஞ்சில் ஒரு தமிழ்ப் பெண் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். நடந்ததையெல்லாம் பார்த்திருக்க வேண்டும். நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"ஊருக்கா அக்கா? உங்க ஆளு இப்பிடி நடு ரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்களே, வழியனுப்ப வரமாட்டாங்களா?"

"வரமாட்டா" என்றேன். "அவ அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போயிருக்கா."